பிராக்டிகலை மட்டும் விட்டுவிடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. அண்ணி போனில் எல்லாவற்றையும் சொன்னார்கள். நீ ரத்த டெஸ்ட் லேப்பில் பில் போட்டுக்கொண்டே தபால் வழியில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி சேரப் போகிறாயாம். பஸ் ஸ்டாண்டு சென்டர்க்காரர், 'பிராக்டிகலை நாங்க பாத்துக்கறோம்' என்றாராம். அந்த ஒரு பேச்சுதான் இரண்டு நாளாக என்னைத் தூங்க விடவில்லை.

அண்ணன் போன பிறகு அந்த வீட்டில் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பது நம் இருவருக்கும் தெரியும். அதனால் வேலையை விட்டுவிட்டுக் காலேஜுக்குப் போ என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த சென்டரின் ஃபாரத்தை நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடு. மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி, ஊட்டச்சத்து, உளவியல் போன்ற படிப்புகளை 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. மருத்துவத்தோடு சேர்ந்த துறைகளுக்கு 2021இல் வந்த சட்டம்தான் காரணம். பணம் கட்டிவிட்டாயா? கட்டியிருந்தால் சொல், நானே வந்து கேட்டு வாங்கித் தருகிறேன்.

இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பொது பி.எஸ்சி. இருக்கிறது. விலங்கியல், தாவரவியல், வேதியியல் மூன்றையும் எடுக்கலாம். அங்கீகாரம் உள்ள தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022இலேயே யு.ஜி.சி. அறிவித்திருக்கிறது. நீ சயின்ஸ் எடுத்துப் பிளஸ் டூ முடித்தவள், அதிலும் சிக்கல் இல்லை. குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 6 வருஷம். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது அவர்கள் கணக்கு. 3 வருஷத்தில் முடிக்க நினைத்தால் ஞாயிறு, பண்டிகை பார்க்காமல் தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். வேலைக்குப் போகிற பெண் நீ, 4 வருஷம் எடுத்துக்கொள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சொன்னால் என்னிடம் அனுப்பு.

பாடமும் பரீட்சையும் தமிழில் கிடையாது. அதனால் நம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதே. அவற்றில் விஷயத்தைத் தமிழில் புரிந்துகொண்டு, அப்புறம் இக்னோ பாடத்தைப் படி. இக்னோவின் ஈ-ஞானகோஷ் தளத்தில் அந்தப் பாடங்கள் இலவசமாகவே இருக்கின்றன, சேருவதற்கு முன்பே பார்த்துவிடலாம். அசைன்மென்டை நீயே எழுது, கடையில் விற்பதை வாங்காதே.

இனி பிராக்டிகல். ஒரு காலேஜ் லேப்பில் தொடர்ந்து சில நாட்கள் இருந்து செய்ய வேண்டும், வருகை கட்டாயம். படிப்பு மையத்தைத் தேர்வு செய்யுமுன் நீ எடுக்கும் மூன்று பாடத்துக்கும் அங்கே லேப் உண்டா என்று மதுரை மண்டல மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள். அந்த நாட்களுக்கு லீவு வேண்டும் என்று முதலாளியிடம் இப்போதே பேசிவை.

பிராக்டிகலை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் தெரியுமா? நான் வேலை பார்த்த பள்ளியில் மைக்ராஸ்கோப்புகள் பீரோவுக்குள்தான் இருந்தன. இன்ஸ்பெக்‌ஷன் வரும்போது துடைத்து மேஜையில் வைப்பார்கள், மறுநாள் உள்ளே போய்விடும். கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: 'பொம்பளப் பிள்ளைங்க ஒடச்சிட்டா யார் பொறுப்பு?' என் பிள்ளைகள் போன வருஷத்து ரெக்கார்டைப் பார்த்து அமீபாவை வரைந்தார்கள். ஒருத்தியும் அமீபாவைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர்களில் கெட்டிக்காரிகள் எத்தனை பேர், 'எனக்கு சயின்ஸ் வராது டீச்சர்' என்று ஒதுங்கிப் போனார்கள். வராமல் இல்லை பாப்பா, காட்டவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. இங்கிலாந்தில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971இல் பாடம் தொடங்கியபோது, அறிவியல் மாணவர்களின் வீட்டுக்குப் பரிசோதனைப் பெட்டியையே அனுப்பியது. சின்ன மைக்ராஸ்கோப்பும் அதில் உண்டு. தூரத்திலிருந்து படிப்பவர்களின் கைக்கும் வேலை வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

உன் லேப்பிலேயே பார். டெக்னீஷியன் ஸ்லைடில் ரத்தத்தை மெல்லிசாக இழுத்து லீஷ்மன் சாயம் ஊற்றுகிறாரே, இழுக்கும் ஸ்லைடின் சாய்வு கொஞ்சம் கூடினாலும் படலம் தடித்துவிடும். புத்தகம் அதைச் சொல்லும். கை அதைச் செய்துதான் கற்கும். நீச்சலைக் கரையில் உட்கார்ந்து படித்து என்ன செய்ய? வைக்கோலைத் தண்ணீரில் ஊறப்போட்டுச் சில நாள் வை. அதில் ஒரு சொட்டுக்குள் ஓடுகிற உயிர்களைப் பார்த்துவிட்டாயானால் உன்னை யாராலும் இந்தப் படிப்பிலிருந்து பிரிக்க முடியாது. அதைப் பார்க்க, ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித மைக்ராஸ்கோப் இருக்கிறது. சுமார் 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். உனக்கு ஒன்று வாங்கி அனுப்புகிறேன்.

இக்னோ பட்டத்தால் மட்டும் நீ டெக்னீஷியன் ஆகிவிட முடியாது, அதற்கு டி.எம்.எல்.டி. என்ற லேப் டிப்ளமோ தனி. ஆனால் எம்.எஸ்சி., பி.எட். என்று வழி இருக்கிறது. லீவு தொல்லையே இல்லாமல் பி.காம். படிக்கட்டும் என்று அண்ணி சொல்கிறார்கள். அதுவும் நல்ல படிப்புதான். உனக்குக் கணக்கு வழக்கில் மனம் போனால் தாராளமாகச் சேர். ஆறாம் வகுப்பில் கரப்பான்பூச்சியைத் தீப்பெட்டியில் வைத்துக் கால் எண்ணியவள் நீ என்பதை மட்டும் யோசித்துக்கொள். முடிவு உன்னுடையது.

ரொம்பப் பேசிவிட்டேன். கோபப்படாதே கண்ணு. நீ எதைப் படித்தாலும், படிக்காமலே போனாலும், எனக்கு நீதான் உசத்தி. உன் வயதில் இவ்வளவு பொறுப்பைத் தூக்குகிற பெண்ணை நம் குடும்பத்தில் நான் பார்த்ததில்லை. முதல் வருஷ ஃபீஸ் என்னுடையது, அண்ணியிடம் சொல்லாதே. நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி முழிக்காதே. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடு, உனக்குப் பிடித்த அதிரசம் சுட்டு வைக்கிறேன்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அத்தை