பட்டம் பெற்றதும் வார்டுக்குத் தயாரா? அமெரிக்க பார்மசி ரெசிடென்சி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவில் படித்து மருந்தாளுநர் ஆக ஃபார்ம்.டி. பட்டம் வேண்டும். குறைந்தது 2 ஆண்டு முன்படிப்பு, அதன்மேல் பெரும்பாலும் 4 ஆண்டு தொழிற்படிப்பு. அதற்குப் பிறகு வருவது ரெசிடென்சி: உரிமம் பெறும் மருந்தாளுநர் சம்பளத்துடன் பயிற்சி பெறும் 12 மாதம். புற்றுநோய், தீவிர சிகிச்சை போன்ற சிறப்புத் துறை என்றால் இன்னும் 12 மாதம்.

நம்பிக்கை: ரெசிடென்சி இல்லாமல் தொழில் செய்ய முடியாது.

முடியும். உரிமத்துக்குப் பட்டமும், நாப்ளெக்ஸ் உள்ளிட்ட தேர்வுகளும், பயிற்சி நேரமும் போதும். நோயாளியை நேரடியாகக் கவனிக்கும் பணிக்கு 2020க்குள் ரெசிடென்சி முன்தகுதியாக வேண்டும் என்று அமெரிக்க கிளினிக்கல் பார்மசி கல்லூரி என்ற தொழில் அமைப்பு 2006இல் அறிவித்தது. அந்த ஆண்டு கடந்துவிட்டது, அது சட்டமாகவில்லை. ஆனால் மருத்துவமனைகள் வார்டு வேலைக்கு ஆள் எடுக்கும்போது ரெசிடென்சி முடித்தவரையே தேடுவது வழக்கமாகிவிட்டது.

நம்பிக்கை: நல்ல மதிப்பெண் எடுத்தவருக்கு வார்டு எளிது.

இந்த நம்பிக்கைதான் அதிகம் காயப்படுத்துகிறது. வான்கோமைசின் என்ற ஆண்டிபயாடிக்கை எடுத்துக்கொள்ளலாம். தேர்வுத்தாளில் வயது, எடை, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றும் தரப்பட்டிருக்கும். சூத்திரத்தில் போட்டால் டோஸ் வந்துவிடும். வார்டில் காலையில் வரும் லேப் முடிவு ரத்தத்தில் மருந்து 32 என்கிறது. அதை அப்படியே நம்பினால் அடுத்த டோஸை நிறுத்த வேண்டும். ஆனால் ரத்தம் எப்போது எடுத்தார்கள்? மருந்து ஏறிக்கொண்டிருந்தபோதா? அதே குழாயிலிருந்தா? செவிலியரிடம் கேட்டால்தான் தெரியும். கிரியேட்டினின் நேற்று 0.9, இன்று 1.4. சிறுநீரகம் பழுதாகும் வேகத்துக்கு இந்த எண் ஈடுகொடுக்காது. உண்மை நிலை இதைவிட மோசமாக இருக்கலாம். சிறுநீரகச் செயல்பாட்டைக் கணிக்க 1976இல் வெளியான காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரம் நிலையாக இருக்கும் சிறுநீரகத்துக்கே பொருந்தும். இதற்குள் பேஜர் இரண்டு முறை அடித்துவிட்டது: ஒரு வார்டில் ஹெப்பாரின் மருந்து பற்றிய சந்தேகம், இன்னொரு வார்டில் வீடு திரும்ப வேண்டியவர் மருந்துப் பட்டியலுக்காகக் காத்திருக்கிறார்.

2020 வழிகாட்டுதல் வான்கோமைசினுக்குச் சொல்லும் 400 முதல் 600 வரையிலான இலக்கு (ஒரு நாள் முழுதும் ரத்தத்தில் இருக்கும் மருந்தின் மொத்த அளவான ஏ.யூ.சி.) புதுப் பட்டதாரிக்கு மனப்பாடம். எந்த எண்ணை நம்புவது, எதை முதலில் கவனிப்பது என்பதில்தான் திணறுகிறார். கல்லூரி கேள்வியைக் கையில் கொடுத்துப் பதில் கேட்கிறது. வார்டில் கேள்வியையே அவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதைப் படிப்பில் குறை என்று சொல்வது அந்தப் பட்டதாரிக்குச் செய்யும் அநீதி.

நம்பிக்கை: இறுதியாண்டுப் பயிற்சி எல்லாருக்கும் ஒரே அளவு தயாரிப்பைத் தருகிறது.

குறைந்தபட்ச நேரம் ஒன்றுதான். அங்கீகார விதிகளின்படி முந்தைய ஆண்டுகளில் குறைந்தது 300 மணி, இறுதியில் குறைந்தது 1,440 மணி, அதாவது 36 வாரம். சில்லறை மருந்தகம், வெளிநோயாளர் பிரிவு, மருத்துவமனை மருந்தகம், உள்நோயாளர் வார்டு ஆகிய நான்கும் கட்டாயம். உள்ளே நடப்பதுதான் வேறுபடுகிறது. ஓரிடத்தில் மாணவர் தினமும் பத்து நோயாளிகளைப் பார்த்து, மருத்துவருக்குத் தானே போன் செய்து டோஸை மாற்றச் சொல்கிறார். இன்னோரிடத்தில் ரவுண்ட்ஸின் பின்னால் நடந்துவிட்டு, மாலையில் ஒரு கட்டுரையைப் பற்றிப் பேசுகிறார். சான்றிதழில் இரண்டும் ஒன்றே. இரண்டிலும் மாணவர் எழுதியதற்கு மேற்பார்வையாளரே பொறுப்பு. உரிமம் வந்த பிறகு கையெழுத்தும் பொறுப்பும் ரெசிடென்டுடையது. அந்தக் கனத்தை எந்த வகுப்பறையும் முன்கூட்டித் தர முடியாது.

நம்பிக்கை: முதல் மாதங்களில் திணறினால் கல்லூரி சரியில்லை.

திணறல் வரும் என்று தெரிந்தேதான் ரெசிடென்சியை அமைத்திருக்கிறார்கள். வழிகாட்டும் மருந்தாளுநர் முதலில் கற்பிப்பார், பிறகு செய்து காட்டுவார், பிறகு பக்கத்தில் நின்று திருத்துவார், கடைசியில் விலகி நிற்பார். வார வேலைநேரம் நான்கு வாரச் சராசரியில் 80 மணியைத் தாண்டக் கூடாது. இதோடு ஓராண்டு ஆய்வுத் திட்டமும், வார இறுதிப் பணியும் உண்டு.

கல்லூரியால் ஆகக்கூடியதும் இருக்கிறது: இறுதிச் சுழற்சிகளில் மூன்று நோயாளிகளுக்குப் பதில் வார்டின் முழுப் பட்டியலையும் மாணவரிடம் கொடுப்பது, மருத்துவருக்கான அழைப்பை மேற்பார்வையாளர் பக்கத்தில் இருக்க மாணவரையே செய்யவிடுவது, அழைப்பு முடிந்ததும் எந்த நோயாளியை ஏன் முதலில் எடுத்தார் என்று கேட்பது.