எலிக்காய்ச்சலுக்கு எலி உதவாது

சுசீந்திரம், தேரூர் வயல்களில் இறங்கி வேலை செய்பவர்களிடம் எலிக்காய்ச்சலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் காலில் ஒரு கீறலும் போதும். சரி, இந்த நோய்க்கு ஒரு தடுப்பூசியைச் சோதிக்க எந்தப் பிராணியை எடுப்பீர்கள்? ஆய்வக வேலைக்கான நேர்காணலில் இப்படிக் கேட்டால் "எலி" என்றுதான் வாயில் வரும். அது தவறு. எலி அந்தக் கிருமியைச் சிறுநீரகத்தில் சுமந்துகொண்டு நோவில்லாமல் திரியும். சாதாரணச் சுண்டெலியும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். மனிதருக்கு வருவதுபோலக் கடுமையாக நோய்ப்படுவது ஹாம்ஸ்டர். 1915-இல் ஜப்பானில் இனாடாவும் இடோவும் இந்தக் கிருமியைக் கண்டறிய உதவியது கினிப்பன்றி.

எல்லாமே கொறிக்கும் பிராணிகள்தாம். ஆனால் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்று நிற்காது. "ஏன் இந்தப் பிராணி?" என்ற கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லத் தெரிந்தவருக்கு ஆய்வகப் பிராணிகளோடு வேலை செய்யும் இந்தத் துறையில் பாதிக் கதவு திறந்த மாதிரி.

தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல முன்கதை உண்டு. குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் 1918-இல் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் ஊட்டச்சத்து ஆய்வைத் தொடங்கினார். பஞ்சாபிச் சாப்பாடு ஒரு கூட்டம் எலிகளுக்கு, நம் அரிசிச் சாப்பாடு இன்னொரு கூட்டத்துக்கு என்று போட்டு வளர்த்துப் பார்த்தார். கோதுமையும் பாலும் தின்றவை கொழுகொழுவென்று வளர்ந்தன. மதராஸ் சாப்பாட்டு எலிகள் பின்தங்கின. (நாஞ்சில் நாட்டு மீன்குழம்பையும் சேர்த்துப் போட்டிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.) அந்த ஆய்வகமே 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அங்குள்ள விஸ்டார் எலிகளிடையே தானாகத் தோன்றிய குண்டு எலி வகை, உடல்பருமன் ஆய்வுக்கு இன்றும் பயன்படுகிறது.

வேலை எங்கே? நாகர்கோவிலில் ரயில் ஏறினால் சுமார் 70 கிலோமீட்டரில் திருவனந்தபுரம். அங்கே ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையமும் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனமும் இருக்கின்றன. மருந்து நிறுவனங்களுக்காகச் சோதனை செய்து தரும் ஆய்வகங்கள் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் அதிகம். விலங்கியல், பார்மசி, கால்நடை மருத்துவம் ஆகிய மூன்று வழியாகவும் உள்ளே வரலாம். முஞ்சிறையில் சித்த மருத்துவம் படிப்பவர்களுக்கும் இது தேவைப்படும். சூரணத்தின் நச்சுத்தன்மையைப் பார்க்கும் ஓஇசிடி 423 என்ற சர்வதேசச் சோதனை முறையில் ஒரு படிக்கு மூன்று எலிகள், பெரும்பாலும் பெண் எலிகள்தாம். எண்ணிக்கை ஏன் அவ்வளவு குறைவு என்று படித்துவிட்டுப் போங்கள்.

வீட்டில் "எலி புடிக்கதுக்கா மக்கா இவ்வளவு படிச்சே?" என்று கேட்பார்கள். உண்மையில் பிடிக்கத்தான் பழக வேண்டும். 2014-இல் யுஜிசி கல்லூரிகளில் விலங்கு அறுவைப் பாடத்தை நிறுத்திய பிறகு, கூண்டைத் தொடாமலே பட்டம் வாங்கிவிட முடிகிறது. எனவே கையாளும் பயிற்சிக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்கினால் அது மிரளும், மிரண்டால் அளவீடும் கெடும். சிறு குழாய்க்குள் வரவிட்டோ உள்ளங்கையில் ஏந்தியோ எடுப்பது நல்லது என்று 2010-இலேயே காட்டிவிட்டார்கள்.

சட்டமும் தெரிய வேண்டும். 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி, நிறுவனத்தின் எதிக்ஸ் கமிட்டி அனுமதிக்காமல் ஒரு எலியைக்கூடத் தொடக் கூடாது. விண்ணப்பத்தில் 'எத்தனை எலி, ஏன்' என்ற பத்தியில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். மாற்று வழி இருக்கிறதா என்றும் அதில் கேட்பார்கள். 2023-இல் இந்திய மருந்து விதிகள் செல் வளர்ப்பு, கணினி மாதிரி போன்றவற்றையும் ஏற்றுக்கொண்டன. அதனால் செல் வளர்ப்பையும் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள்.

சேர்வதற்கு முன் மூன்று சங்கதிகள். ஞாயிறு, பொங்கல் என்று பார்க்காமல் தீனி வைக்கவும் கூண்டில் உமி மாற்றவும் ஆள் வேண்டும். முறை உங்களுக்கும் வரும். சென்ட் பூசிக்கொண்டு உள்ளே போகக் கூடாது. எலியின் சிறுநீரில் உள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். ஆஸ்துமா இருந்தால் மருத்துவரிடம் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.