இரத்த அழுத்தமும் கிணற்று நீரும்: கிராம சுகாதார நர்ஸின் வேலை

கடன் வாங்கிய அங்கத்தினர் ஒருவர் தவணை தவறினால், அன்றைய தினமே அவருக்கு யாதொரு கஷ்டமும் தோன்றுவதில்லை. வயல் விளைகிறது, அடுப்பு எரிகிறது, வட்டி மாத்திரம் சத்தமின்றி ஏறிக்கொண்டிருக்கிறது. நிலம் ஏலத்துக்கு வரும் நாளில்தான் அவர் திடுக்கிடுகிறார். இரத்த அழுத்தம் என்னும் வியாதியின் தன்மையும் இத்தகையதே. கிராமங்களில் இதனை இரத்தக் கொதிப்பு என்பார்கள். அப்பெயர் சிறிது ஏமாற்றக் கூடியது. கொதிப்பு என்றால் முகம் சிவக்க வேண்டும், தலை சுற்ற வேண்டும், கோபம் வர வேண்டும் என்று ஜனங்கள் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் பெரும்பாலோருக்கு எவ்வித அறிகுறியும் இராது. அளந்து பார்த்தாலன்றி அறிய வழியில்லை. அளவாமல் விட்டவருக்குப் பக்கவாதமோ, மாரடைப்போ, சிறுநீரகக் கேடோ வந்த பின்னரே விஷயம் வெளியாகிறது. அப்பொழுது உழைக்கும் கை ஒன்று குடும்பத்தில் குறைந்துவிடுகிறது. சங்கத்துக் கடனும் நிலுவையாகிறது.

நோயாளி ஆஸ்பத்திரியைத் தேடி வரும்வரை காத்திராமல், வைத்திய உதவி வீட்டைத் தேடிச் செல்ல வேண்டும் என்னும் ஏற்பாடு புதிதன்று. 1859-ஆம் வருஷத்தில் இங்கிலாந்து தேசத்து லிவர்ப்பூல் நகரில் வில்லியம் ராத்போன் என்னும் வர்த்தகர், தம் மனைவியின் கடைசிக் காலத்தில் பணிவிடை செய்த மேரி ராபின்ஸன் என்ற நர்ஸையே சம்பளம் கொடுத்து ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பிவைத்தார். நம் நாட்டில் சமவெளியில் 5,000 ஜனங்களுக்கு ஒன்றும், மலைப் பிரதேசங்களில் 3,000 ஜனங்களுக்கு ஒன்றுமாகத் துணைச் சுகாதார நிலையம் இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் அங்கு வேலை பார்ப்பவரே கிராம சுகாதார நர்ஸ். நெடுங்காலமாக இவருடைய பெயர் பிரசவம், அம்மை குத்துதல் ஆகியவற்றோடு மட்டுமே சேர்த்துப் பேசப்பட்டு வந்தது. 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டம் தொடங்கப்பட்ட பின்னர், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வேண்டிய மாத்திரைகள் பெண் தொண்டர்கள் மூலம் வீட்டு வாசலுக்கே வருகின்றன.

அளக்கும் விதத்தைக் கிராமவாசிகளும் தெரிந்து வைத்திருப்பது நலம். புயத்தில் பட்டை கட்டி அளக்கும் கருவியை இத்தாலி தேசத்து ரிவா-ரோச்சி 1896-இல் அமைத்தார். குழாய் வைத்து ஓசை கேட்டு அளக்கும் முறையை ருஷிய வைத்தியரான கொரோட்கோவ் 1905-இல் வெளியிட்டார். கருவி எவ்வளவு நல்லதாயினும், வயலிலிருந்து ஓடி வந்தவரை நின்ற நிலையில் அளந்தால் கணக்குத் தப்பாகிவிடும். அரை மணி நேரம் முன்னதாகவே காப்பி, புகையிலை, பீடி இவற்றை நிறுத்திவிட வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிஷம் முதுகு சாய்ந்து அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். சட்டையின்மேல் அல்லாமல் வெறும் புயத்திலேயே பட்டையைக் கட்டி, கையை இருதய மட்டத்தில் வைத்து, பேசாமல் இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் உள்ளதைவிட அதிகமாகவே காட்டும். வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140-க்கு 90 என்ற அளவோ அதற்கு மேலோ இருந்தால்தான் வியாதி என்று வைத்தியர் தீர்மானிப்பது வழக்கம். ஒரு நாள் கணக்கைக் கண்டு பயப்படுவதும், ஒரு நாள் குறைந்ததென்று மகிழ்வதும் இரண்டும் வீண்.

இதில் நர்ஸம்மாளுக்கு உண்டாகும் பெருந்தொல்லை மாத்திரை கொடுப்பதன்று. நிறுத்தாமல் சாப்பிடச் செய்வதே. இரண்டு மாதம் சாப்பிட்டு அழுத்தம் சரியானதும், "குணமாகிவிட்டது" என்று நிறுத்திவிடுபவர் ஏராளம். இரண்டு தவணை கட்டியதும் கடன் தீர்ந்தது என்று ஒருவர் சொன்னால் சங்கத்துக் காரியதரிசி சிரிப்பார் அல்லவா? மாத்திரை உள்ளவரைதான் அழுத்தம் அடங்கியிருக்கிறது. உப்பைப் பற்றியும் கண்டிப்பு வேண்டும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்கு உட்பட்டு, உப்புப் போதும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. குழம்பில் போடும் உப்பை மட்டும் கணக்கிட்டால் போதாது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய் இவற்றில் மறைந்திருக்கும் உப்பே பலருக்கு வினை.

கடற்கரைக் கிராமங்களில் இந்த உப்பு விஷயம் வேறொரு வழியாகவும் வருகிறது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது நாகப்பட்டினம் ஜில்லாவில் மாத்திரம் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். உயிர் பிழைத்தவர்களின் கிணறுகளிலும் கடல்நீர் புகுந்துவிட்டது. இலங்கையின் கிழக்குக் கரையில் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துப் பார்த்தார்கள். உப்பு குறைந்தபாடில்லை, அளவுமீறி இறைத்த இடங்களில் அடியிலுள்ள உப்புநீர் மேலேறும் அபாயமும் இருந்தது. மழை பெய்து நிலத்தடி நீரைக் கழுவிய பின்னரே நிலைமை தேறிற்று. உப்பு கலந்த குடிநீர் நாக்குக்கு மட்டும் கெடுதி என்று நினைப்பது தவறு. வங்காள தேசத்தின் தென்கரையில் டாக்கோப் பகுதியில், உப்பேறிய நீரைக் குடித்த கர்ப்பிணிகளிடத்து இரத்த அழுத்தம் உயர்வது அதிகமாகக் காணப்பட்டது. ஆகவே நர்ஸின் அழுத்தக் கணக்கும், கிணற்றுக் கணக்கும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் இருப்பது பொருத்தமே.

புயல் வரும் முன் அந்த நோட்டுப் புத்தகமே கிராமத்தின் பெருஞ்சொத்து. எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி, எங்கே படுத்த படுக்கையான கிழவர், யார் இன்ஸுலின் ஊசி போட்டுக்கொள்பவர் என்பதெல்லாம் அதில் இருந்தால், எச்சரிக்கை வந்த அன்றே அவர்களை முதலில் அப்புறப்படுத்தலாம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலம் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பிறகு பல நாட்கள் பல கிராமங்களில் மின்சாரம் இல்லை. குளிர்ப்பெட்டி நின்றுபோனால், பெரிய மண்பானைக்குள் சிறு பானை வைத்து இடையில் ஈர மணல் இட்டு இன்ஸுலினைக் காப்பாற்றலாம். மாத்திரை உண்பவர் இரண்டு வாரத்துக்கு வேண்டியதையும், மருந்தின் பெயர் எழுதிய சீட்டையும் தண்ணீர் புகாத உறையிலிட்டு, பத்திரங்களோடு சேர்த்துக் கட்டி வைக்க வேண்டும். பேதி கண்டால், உப்பைக் குறைக்கச் சொன்னார்களே என்று இரத்த அழுத்தக்காரர் உப்புச் சர்க்கரைக் கரைசலை மறுக்கலாகாது. பொட்டலம் கிடைக்காவிடில், காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்க வேண்டும்.

வெள்ளம் வடிந்ததும் கிணறு. வட்டக் கிணறாயின், விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, நான்கால் வகுத்தால் கன மீட்டர் வரும். இரண்டு மீட்டர் விட்டமும் மூன்று மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் 9,420 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடர் ஏறக்குறைய 24 கிராம் போதும். கலங்கிய நீருக்கு அதிகம் பிடிக்கும். எவ்வளவு என்பதை நர்ஸோ சுகாதார இன்ஸ்பெக்டரோ சோதித்துச் சொல்வார். பவுடரை வாளியில் குழைத்து, நீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியும்வரை பத்து நிமிஷம் வைத்து, தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் எடுத்துக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழுமாக அசைக்க வேண்டும். அடிமண்டியைக் கிணற்றில் கொட்டினால் நீர் கடினமாகும். ஒரு மணி நேரம் ஒருவரும் இறைக்கக் கூடாது. ஆதலால் இரவில் செய்வதே சௌகரியம். இம்மருந்து கிருமிகளைக் கொல்லுமேயன்றி, நீரில் கலந்த உப்பைப் போக்காது.

இவ்வளவுக்கும் பெரும்பணம் வேண்டியதில்லை. மேற்சொன்ன கிணற்றுக்கு ஒரு கிலோ பவுடர் நாற்பது தடவைக்கு வரும். எனினும் காற்றும் வெளிச்சமும் பட்ட பவுடர் வீரியம் இழந்துவிடும். உரமூட்டைகளின் பக்கத்தில் வாய் திறந்த சாக்கில் கிடப்பதை நம்புவதற்கில்லை. இறுக மூடிய பாத்திரத்தில், ஈரமில்லாத இருட்டறையில் வைத்து, வாங்கிய தேதியை மேலே எழுதி ஒட்ட வேண்டும். லாபத்தில் பொதுநல நிதி ஒதுக்கும் சங்கங்கள் இச்செலவை நிர்வாக சபைத் தீர்மானத்தின் பேரில் செய்யலாம். வட்டி கட்டவும் உரம் வாங்கவும் அங்கத்தினர் கூடும் தினத்தில், ஆபீஸ் திண்ணையில் ஒரு நாற்காலியும் மேஜையும் போட்டு நர்ஸம்மாளை வரவழைத்தால், தனியாக ஆள்விட்டு அழைக்க வேண்டிய சிரமமும் இராது. அன்று அங்கத்தினர் வரும்போது வீட்டுப் பெண்களையும் உடன் அழைத்து வருவது உசிதம்.