விளையாட்டுக்கு வயதில்லை

சிறு வயதில் யாரும் உங்களை "உடற்பயிற்சி செய்" என்று சொல்லவில்லை. கம்பத்திலும் தோட்டத்திலும் நொண்டி, கோலி, கண்ணாமூச்சி என்று பொழுது சாயும்வரை ஆடினீர்கள். வேலை, திருமணம், பிள்ளைகள் என்று பொறுப்புகள் வந்தபின் விளையாட்டு நின்றுபோனது. இப்போது நேரம் இருக்கிறது. ஆனால் "இந்த வயதில் விளையாட்டா? பார்ப்பவர்கள் சிரிக்க மாட்டார்களா?" என்ற கூச்சமும், விழுந்துவிடுவோமோ என்ற பயமும் தடுக்கின்றன.

பயந்து உட்கார்ந்துவிட்டால்?

நடமாட்டம் குறைந்தால் கால் தசைகள் வலுவிழக்கும். உடலின் சமநிலையும் குறையும். அதனால் விழும் ஆபத்து கூடும். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் குறைந்தது 3 நாள்கள் சமநிலைக்கும் தசை வலுவுக்கும் உதவும் பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. வேக நடை போன்ற மிதமான உடலசைவும் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் தேவை. இவற்றில் பலவற்றை விளையாட்டாகவே செய்யலாம்.

இப்படித் தொடங்குங்கள்

• நொண்டி: இப்போது துள்ள வேண்டாம். அசையாத, கனமான நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் 10 விநாடி நில்லுங்கள். பிறகு கால் மாற்றுங்கள்.

• பந்து: பேரப்பிள்ளையுடன் மென்மையான பந்தை எறிந்து பிடியுங்கள். நிற்பது சிரமமானால் உட்கார்ந்தே ஆடலாம்.

• நடை: நண்பரோடு பேசிக்கொண்டே நடங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே சரியான வேகம்.

• பல்லாங்குழி: மலாய் நண்பர்கள் ஆடும் 'சொங்காக்' இதைப் போன்றது. விரல்களுக்கு அசைவும் மூளைக்கு வேலையும் கிடைக்கும். இது நடைக்கு ஈடாகாது. ஆனால் புளோக்கின் கீழ்த்தளத்தில் பலகையை வைத்து அமர்ந்தால் பேச்சுத் துணை தானாக வரும்.

கவனம் தேவை

வழுக்காத காலணி அணியுங்கள். ஈரத் தரையில் ஆடாதீர்கள். இருதய நோய், மூட்டு வலி உள்ளவர்களும் அண்மையில் விழுந்தவர்களும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். ஆடும்போது தலைசுற்றினால் உடனே நிறுத்தி உட்காருங்கள். நெஞ்சு வலியோ கடுமையான மூச்சுத் திணறலோ ஏற்பட்டால் 995 எண்ணை அழையுங்கள்.

சிறு வயதில் யார் பார்க்கிறார்கள் என்று நீங்கள் கவலைப்படவில்லை. இப்போதும் வேண்டாம். இன்று மாலையே ஒரு பழைய நண்பரை விளையாடக் கூப்பிடுங்கள். அவரும் யாராவது கூப்பிட மாட்டார்களா என்று காத்திருக்கலாம்.