மழை மணி: மின்சுற்றில் பிழை காணலும் திருத்தலும்

மலைநாட்டில் மழை பயிருக்கு உயிர். அளவு மீறின் அதுவே மனித உயிருக்கு ஊறு. 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு, இடுக்கி மாவட்டத்தில் மூணாறுக்கு அருகிலுள்ள பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் குடியிருப்பு மண்சரிவில் புதையுண்டது. காணாமற்போனோர் உட்பட எழுபது பேரை அது கொண்டு சென்றது. அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றிருந்தமையால் செய்தி வெளியே எட்டியது மறுநாட் காலையிலேதான்.

மழையின் அளவோ இடத்துக்கு இடம் வேறுபடுவது. பீருமேட்டில் பெருமழை பொழியும்போது, மழை மறைவுப் பகுதியாகிய மறையூரில் தூறலே இருக்கலாம். நெல்லியாம்பதி மலைமேல் பெய்வதும், கீழே சிற்றூர்ச் சமவெளியில் பெய்வதும் ஒன்றல்ல. ஆகவே தத்தம் ஊரில் பெய்யும் மழையைத் தாமே அளந்தறிவது பயனுள்ள செயலாகும். இதற்கென மாணவர் பலரும் விரும்பிச் செய்யும் சிறு கருவி மழை மணி. அது மேசைமீது நன்றாக ஒலிக்கும்; மழையில் வைத்ததும் ஒலிக்க மறுக்கும், அல்லது காரணமின்றி ஒலிக்கும். அதன் பிழைகளைக் கண்டு திருத்தும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

கருவியின் அமைப்பு

பக்கங்கள் செங்குத்தாக உள்ள ஏனத்தில் எத்தனை மில்லிமீட்டர் நீர் நிற்கிறதோ, அத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது எனக் கொள்ளலாம். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் கனமழை என்றும், 115.6 முதல் மிகக் கனமழை என்றும், 204.5 முதல் அதிகனமழை என்றும் இந்திய வானிலை ஆய்வுத் துறை வகுத்துள்ளது. ஆகவே ஏனத்தின் அடியிலிருந்து 65, 116, 205 மில்லிமீட்டர் உயரங்களில் ஒவ்வோர் இணை மின்வாய்களைத் தொங்கவிட வேண்டும். ஓர் இணையின் இரு முனைகளுக்கும் இடைவெளி ஒரு சென்டிமீட்டர். நீர் அவ்வுயரத்தை எட்டியதும் அவ்விணைக்குரிய மணி ஒலிக்கும்.

வழக்கமான சுற்று எளியது. 9 வோல்ட் மின்கலத்தின் நேர்முனை ஒரு மின்வாயில் சேரும். மற்ற மின்வாய், 10 கிலோ ஓம் மின்தடை வழியாக, பி.சி. 547 வகை டிரான்சிஸ்டரின் பேஸில் சேரும். எமிட்டர் எதிர்முனைக்கும், கலெக்டர் மணியின் வழியாக நேர்முனைக்கும் இணையும். மூன்று உயரங்களுக்கு இத்தகைய மூன்று சுற்றுகள் வேண்டும்.

ஊகம் வேண்டா, அளந்தறிக

மணி ஒலிக்காவிடின் உடனே உறுப்புகளைக் கழற்றி மாற்றுவது பயனற்றது. கீழ்க்காணும் வரிசையில் சோதிக்க:

1. மணி ஒலிக்கும்போதே மின்கலத்தின் மின்னழுத்தத்தை அளக்க. சுமையின்றி 9 வோல்ட் காட்டும் பழங்கலம், சுமை ஏறியதும் மிகத் தாழ்ந்துவிடக்கூடும்.

2. கலெக்டரையும் எமிட்டரையும் ஒரு கம்பியால் இணைக்க. மணி ஒலித்தால் மின்கலமும் மணியும் பழுதற்றவை. ஒலிக்காவிடின் பழுது அவற்றிலோ அவற்றின் இணைப்புகளிலோ உள்ளது.

3. அக்கம்பியை நீக்கி, இரு மின்வாய்களையும் கம்பியால் இணைக்க. அப்போது மணி ஒலிக்காவிடின் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே உள்ள மின்னழுத்தத்தை அளக்க. சுமார் 0.7 வோல்ட் இருந்தும் ஒலி இல்லையெனில் டிரான்சிஸ்டரின் கால்கள் மாறியிருக்கலாம், அல்லது அது பழுதுற்றிருக்கலாம். மின்னழுத்தமே இல்லையெனில் பேஸுக்குச் செல்லும் வழி அறுந்துள்ளது.

4. மூன்று சோதனைகளிலும் சுற்று தேறியும் மழையில் மட்டும் ஒலிக்கவில்லையெனில், குறை உறுப்புகளில் இல்லை. சுற்றின் வடிவமைப்பில் உள்ளது.

கிணற்று நீரும் மழைநீரும்

நான்காம் நிலையே மிகுதியும் நேர்வது. காரணம் யாதெனில், மாணவர் கிணற்று நீரில் சோதித்துவிட்டு மழைநீரில் பயன்படுத்துகின்றனர். மின்னோட்டத்தைச் சுமப்பவை நீரில் கரைந்துள்ள உப்புகள். கிணற்று நீரில் அவை மிகுதி. மலைமேற் பெய்யும் தூய மழைநீரிலோ மிகக் குறைவு. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுர நீரின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கிடையே, கிணற்று நீராயின் மின்தடை 2 கிலோ ஓம் அளவிலும், தூய மழைநீராயின் 100 கிலோ ஓம் அளவிலும் இருக்கக்கூடும். நம் மின்வாயின் முனைப் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்திலொரு பங்கு எனக் கொண்டால் இவை ஏறத்தாழப் பத்து மடங்காகும். அதாவது முறையே 20 கிலோ ஓம், 1 மெகா ஓம்.

இனிக் கணக்கிடுவோம். மணிக்கு 20 மில்லி ஆம்பியர் வேண்டும். டிரான்சிஸ்டரின் பெருக்கம் 200 எனில் பேஸுக்கு 0.1 மில்லி ஆம்பியர் தேவை. பேஸின் 0.6 வோல்ட் போக எஞ்சும் 8.4 வோல்ட்டை இதனால் வகுக்க, வழியிலுள்ள மொத்த மின்தடை 84 கிலோ ஓமுக்கு மிகலாகாது. கிணற்று நீர் இவ்வெல்லைக்குள் அடங்கும். மழைநீர் அதனைப் பன்மடங்கு கடந்துவிடும். கருவி மௌனமாவதன் காரணம் இதுவே.

திருத்தம்: இரண்டாம் டிரான்சிஸ்டர் ஒன்றைச் சேர்க்க. முதலாவதன் எமிட்டர் இரண்டாவதன் பேஸிலும், இரு கலெக்டர்களும் ஒன்றாகவும் இணைதல் வேண்டும். பெருக்கம் 200 x 200 = 40,000 ஆகும். தேவைப்படும் பேஸ் மின்னோட்டம் 0.5 மைக்ரோ ஆம்பியரே. பேஸ் மின்னழுத்தம் இப்போது 1.2 வோல்ட் ஆதலால், 7.8 வோல்ட்டை 0.5 மைக்ரோ ஆம்பியரால் வகுக்க, சுமார் 15 மெகா ஓம் வரை மணி ஒலிக்கும்.

பொய் ஒலியைத் தடுத்தல்

ஒரு குறையைத் தீர்த்தது மற்றொரு குறைக்கு வழி செய்தது. மலைப் பனிமூட்டத்தில் மின்வாய்களைத் தாங்கும் சட்டத்தின்மீது மெல்லிய ஈரப்படலம் படியும். அதன் மின்தடை 10 மெகா ஓம் என்று கொண்டாலும், 15 மெகா ஓமில் ஒலிக்கும் கருவி மழையின்றியே ஒலிக்கும். பொய்யாக ஒலிக்கும் மணியை மக்கள் விரைவில் புறக்கணித்துவிடுவர். பிறகு அது மெய்யாக ஒலிக்கும்போதும் எழுந்து பாரார்.

இதற்கு மருந்து, முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் எதிர்முனைக்கும் இடையே 470 கிலோ ஓம் மின்தடையை இணைப்பதாகும். 1.2 வோல்ட்டில் அது 2.55 மைக்ரோ ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். பேஸின் 0.5 சேர மொத்தம் 3.05 மைக்ரோ ஆம்பியர். 7.8 வோல்ட்டை இதனால் வகுக்கக் கிடைப்பது சுமார் 2.5 மெகா ஓம். 1 மெகா ஓம் உள்ள மழைநீருக்கு மணி ஒலிக்கும். 10 மெகா ஓம் உள்ள ஈரப்படலத்துக்கு ஒலிக்காது. மின்கலம் 7 வோல்ட்டாகத் தளர்ந்தபோதும் எல்லை 1.9 மெகா ஓமில் நிற்கும்.

ஈரப்படலத்தையும் குறைத்தல் நலம். இரு மின்வாய்களையும் ஒரே சட்டத்தில் பொருத்தாமல், ஏனத்தின் எதிரெதிர் விளிம்புகளில் தனித்தனியே பொருத்தி, நுனிகள் மட்டும் ஒரு சென்டிமீட்டர் நெருங்குமாறு வளைக்க. நுனி தவிர மற்றப் பகுதி உறையிட்ட கம்பியாக இருத்தல் வேண்டும்.

நீண்ட கம்பியும் இடியும்

ஏனத்துக்கும் மணிக்கும் இடையேயுள்ள நீண்ட கம்பி, வீட்டு மின்கம்பியின் இரைச்சலை ஈர்க்கும். ஆகவே இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுசெல்க. பேஸுக்கும் எதிர்முனைக்கும் இடையே 1 மைக்ரோ ஃபாரட் பாலியெஸ்டர் மின்தேக்கியை இணைத்தால் இரைச்சல் அடங்கும். கணநேரம் தெறிக்கும் நீர்த்துளியும் மணியை எழுப்பாது. 10 கிலோ ஓம் மின்தடைக்குப் பதில் 100 கிலோ ஓம் வைத்தால், அயல் மின்னல் தூண்டும் மின்னழுத்தத்திலிருந்து டிரான்சிஸ்டருக்கு ஓரளவு காப்புக் கிடைக்கும். நேரடியாக விழும் இடிக்கு இச்சிறு உறுப்புகள் காப்பாகா. ஆதலால் கம்பியைக் கூரை முகட்டின்மீது கொண்டுசெல்லலாகாது. இடி நேரத்தில் ஏனத்தையும் கம்பியையும் தொடலாகாது. கருவியை மின்கலத்தாலேயே இயக்குக. வீட்டு மின்சாரத்தோடு இணைக்க வேண்டா.

செம்புக் கம்பியை மின்வாயாக வைத்தால், நீரில் நிற்கும்போது நேர்முனையில் உள்ளது நாளடைவில் அரிக்கப்படும். துருப்பிடிக்காத எஃகோ, பென்சிலின் கரிக்குச்சியோ தக்கது.

மௌனத்தைச் சோதித்தல்

மணி ஒலிக்கவில்லை என்பதற்கு இரு பொருள் உண்டு: மழை போதவில்லை, அல்லது கருவி பழுதாயிற்று. இரண்டையும் பிரித்தறிய வழி செய்யாத கருவியை நம்பலாகாது. ஏனத்தின் அருகே, இரு கம்பிகளுக்கும் இடையில், 1 மெகா ஓம் மின்தடையோடு கூடிய அழுத்து பொத்தான் ஒன்றை அமைக்க. அதனை அழுத்துவது செயற்கையாக மழைநீரை ஊற்றுவதற்குச் சமம். மணி ஒலித்தால் மின்கலம், டிரான்சிஸ்டர்கள், நீண்ட கம்பி யாவும் நலம். பொத்தானை மணியின் அருகே வைத்தால் கம்பி அறுந்தது தெரியாமற்போகும். வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 மணிக்கு முடிவதால், அந்நேரத்தில் ஏனத்தைக் காலி செய்து, அளவைக் குறித்து, பொத்தானையும் அழுத்திப் பார்ப்பது நல்ல வழக்கம்.

கருவியின் எல்லை

மழை மணி மழையை அளக்கும், மண்சரிவை முன்னறியாது. சரிவு நேர்வது மண்ணின் துளைகளில் நீரழுத்தம் ஏறி, மண்ணின் பிடிப்பைத் தளர்த்துவதால். மூணாறு அந்தோணியார் காலனியில் அமிர்தா விசுவ வித்யாபீடம் நிறுவிய கம்பியில்லா உணர்கருவி அமைப்பு, மழையோடு இந்நீரழுத்தம், மண்ணின் ஈரம், சாய்வு, நில அதிர்வு ஆகியவற்றையும் அளக்கும் நோக்கில் அமைந்தது. மணி ஒலிக்காததனால் ஆபத்தில்லை என்று முடிவு செய்தலும், அரசின் எச்சரிக்கையை அலட்சியம் செய்தலும் தவறு. மணி ஒலித்தால், உறங்குவோரை எழுப்பி, சரிவினின்று விலகுவதைப் பற்றி உடனே ஆலோசிக்க வேண்டும்.

பயிற்சி

1. 470 கிலோ ஓமுக்குப் பதில் 220 கிலோ ஓம் இட்டால் மணி எத்தனை மெகா ஓம் வரை ஒலிக்கும்? (விடை: சுமார் 1.3)

2. அந்நிலையில் மின்கலம் 7 வோல்ட்டாகத் தளர்ந்தால், 100 கிலோ ஓம் மின்தடையையும் சேர்த்து, மழைநீருக்கு மணி ஒலிக்குமா? (விடை: ஒலிக்காது, எல்லை 1 மெகா ஓமுக்கும் சற்றே கீழாகிவிடும்.)

3. உங்கள் ஊர்க் கிணற்று நீர், புதிதாகப் பிடித்த மழைநீர் இரண்டின் மின்தடையையும் ஒரே மின்வாய்களால் அளந்து ஒப்பிடுக.