மனம் வாடினால் உடலும் வாடும்

“நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்” என்பது நாம் சிறு வயது முதல் கேட்டு வரும் முதுமொழி. நோய் என்றதும் காய்ச்சலும் இருமலுமே நம் நினைவுக்கு வருகின்றன. மனத்துக்கும் நோய் உண்டு என்பதைச் சிலரே எண்ணுகின்றனர். மனநோய் உள்ளவருக்கு உடல்நோயும் வரும் என்பதைப் பெரும்பாலோர் மறந்தே விடுகின்றனர். நாங்களும் மறந்திருந்தோம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பெரியம்மா உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்கிறார். மல்லிகை பறித்து மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அனுப்பும் குடும்பம். அவருக்குச் சில ஆண்டுகளாக மனச்சோர்வு. சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் அங்குச் சென்றிருந்தபோது அவர் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். உடல் மெலிந்து எந்நேரமும் படுத்தே கிடந்தார். “அவளுக்கு மனசு சரியில்ல, அப்படித்தேன் இருப்பா” என்றனர் வீட்டார். “காலெல்லாம் எரியுது தாயி” என்று அவர் எங்களிடம் சொன்னபோது, நாங்களும் சிரித்துவிட்டு விளையாடப் போய்விட்டோம். காலில் பட்ட புண் ஆறாமல் போன பிறகே இரத்தப் பரிசோதனை செய்தனர். சர்க்கரை மிக அதிகம்! அதைக் கேட்டு நாங்கள் வெட்கித் தலைகுனிந்தோம்.

இவ்விரு நோய்களும் ஏன் கைகோத்து வருகின்றன? மனம் நெடுநாள் சோர்ந்திருந்தால் உடலில் கார்ட்டிசால் என்னும் சுரப்பு மிகுதியாகலாம். அது இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தும். சோர்வுற்றவர் வேளைக்கு உண்பதில்லை, நடப்பதில்லை, மருந்தையும் மறந்து விடுகிறார். மனநோய்க்குத் தரும் சில மருந்துகளும் உடல் எடையையும் சர்க்கரையையும் கூட்டக்கூடும். அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்துவது தவறு. மருத்துவர் சொற்படி எடையையும் இரத்தத்தையும் அவ்வப்போது சோதிப்பதே சரியான வழி.

மறுபுறம், நீரிழிவு உள்ளவருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறத்தாழ இரு மடங்கு. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், இரத்தசோகை இருந்தாலும் மனச்சோர்வு போன்ற களைப்பு தோன்றும். சென்னையில் 25,000 பேருக்கு மேல் விசாரித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்குச் சுமார் 15 பேரிடம் மனச்சோர்வு காணப்பட்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் அது அதிகம். இந்தியாவின் நான்கு நீரிழிவு மருத்துவமனைகளில் 404 பேரிடம் நடந்து, 2020-இல் வெளியான மற்றோர் ஆய்வு, இரண்டு நோய்களுக்கும் சேர்த்துச் சிகிச்சை தந்தால் நல்ல பலன் கிடைப்பதைக் காட்டியது.

நமக்கு அண்மையிலுள்ள ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். மனநோயாளர் சொல்லுக்கு மதிப்பில்லை என்று உலகம் நினைத்ததன் கொடிய விளைவு அது. 2017-இல் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல்நோயாளரைப் போலவே மனநோயாளரையும் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. நம் மதுரையிலும் அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 1992-இல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் இத்துறையில் பணியாற்றுகிறது. 14416 என்ற எண்ணில் இலவசமாக மனநல ஆலோசனை பெறலாம்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரமே வகுத்து, நோயின் காரணத்தை ஆராய்ந்து மருத்துவம் செய்யச் சொன்னார். காரணத்தை ஆராய, நோயாளி சொல்வதை முதலில் கேட்க வேண்டுமல்லவா?

பெரியம்மாவின் கால்புண் இப்போது ஆறிவிட்டது. மனத்துக்கும் சர்க்கரைக்கும் சேர்த்தே மருந்து உண்கிறார். திண்ணையில் அமர்ந்து மீண்டும் பூக்கட்டுகிறார். அன்புத் தோழியரே! நம் வீட்டிலோ தெருவிலோ மனம் நொந்த ஒருவர் “வலிக்கிறது” என்றால், அதை மனத்தின் மேல் போட்டுத் தள்ளிவிடாமல் காது கொடுத்துக் கேட்போம். மருத்துவரிடம் உடன் செல்வோம். நாங்கள் சிரித்தது போல் நீங்கள் சிரிக்க வேண்டாம்.

— பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு