தண்டனை பெற்றவர் எந்தச் சிறைச்சாலைக்கு அனுப்பப்படுகிறார்?

மாணவர்களே! குடியியற் கல்வியில் நீதித்துறையைக் கற்கும் பலர் தீர்ப்போடு நின்றுவிடுகின்றனர். தீர்ப்பின் பின் நடப்பதையும் நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

1. தீர்மானிப்பவர் யார்?

தண்டனையை விதிப்பது நீதிமன்றம். கைதியை எந்தச் சிறையில் வைப்பது எனத் தீர்மானிப்பது நிருவாகத்துறையின் கீழுள்ள சிறைச்சாலைகள் திணைக்களம். இதன் தலைவர் ஆணையாளர் நாயகம் ஆவார். அடிப்படைச் சட்டம் 1877ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டமாகும்.

2. கவனிக்கப்படும் விடயங்கள்

அ. பால்: ஆண்களும் பெண்களும் வேறாக வைக்கப்படுவர்.
ஆ. சட்டநிலை: விளக்கமறியல் கைதி குற்றவாளியாகக் காணப்படாதவர். எனவே தண்டனைக் கைதியிலிருந்து பிரிக்கப்பட வேண்டும்.
இ. வயது: இளம் குற்றவாளிகளுக்குப் பல்லன்சேன, தல்தென போன்ற இடங்களில் சீர்திருத்த நிலையங்கள் உள்ளன.
ஈ. முன்னைய குற்றங்கள்: முதன்முறை தண்டனை பெற்றவர், மீண்டும் தண்டனை பெற்றவர், பல தடவை தண்டனை பெற்றவர் என வகுப்பர். பழகிய குற்றவாளியோடு புதியவர் சேர்ந்தால் சிறையே குற்றம் பழகும் இடமாகிவிடும்.
உ. தண்டனைக் காலமும் பாதுகாப்பும்: நீண்டகாலத் தண்டனை பெற்றோர் வெலிக்கடை போன்ற மூடிய சிறைகளுக்கும், தப்பியோடும் ஆபத்துக் குறைந்தோர் அநுராதபுரம், வீரவில போன்ற திறந்தவெளி முகாம்களுக்கும் அனுப்பப்படுவர்.

3. இது ஏன் முக்கியமானது?

கைதியின் உயிரே இதில் தங்கியிருக்கலாம். 1983 யூலை 25, 27ஆந் திகதிகளில் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் சக கைதிகளால் கொல்லப்பட்டனர். உயிர் தப்பியோர் பின்னர் மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டனர்.

2021 செப்ரெம்பரில் அநுராதபுரச் சிறையில் அப்போதைய இராஜாங்க அமைச்சர் ஒருவர் தம்மை மிரட்டியதாகத் தமிழ்க் கைதிகள் முறையிட்டனர். எட்டுப் பேர் உயர் நீதிமன்றில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்து, தம்மை யாழ்ப்பாணச் சிறைக்கு மாற்றுமாறும் கோரினர். சிறை சென்றவருக்கும் அடிப்படை உரிமைகள் உண்டு என்பதற்கு இது சிறந்த உதாரணம்.

குடும்பத்தையும் நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். மகனைச் சில நிமிடம் பார்க்க ஒரு தாய் ஒருநாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் இழக்கிறாள். இதனாலேயே ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள், இயன்றவரை கைதியை அவரது வீட்டுக்கு அண்மையிலுள்ள சிறையில் வைக்க வேண்டும் என்கின்றன.

மாதிரி வினா

"கைதிகளை வகைப்படுத்தல் சீர்திருத்தத்துக்கு உதவும்." இரு காரணங்கள் தந்து விளக்குக.

விடைக் குறிப்பு: (1) புதியவர் பழகிய குற்றவாளிகளின் செல்வாக்கிலிருந்து காக்கப்படுவார். (2) வயதுக்கும் தண்டனைக் காலத்துக்கும் ஏற்ற தொழிற்பயிற்சி வழங்கலாம்.

காரணத்தை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் சேர்த்து எழுதுங்கள். "விளக்குக" என்று கேட்பது அதற்காகவே.